ரப்பர் வான்கோழிக்கு ஒளிந்திருந்த நாள்

வான்கோழிக்கு மூக்கு அவ்வளவு வேலை செய்யாது, கண்தான் பொல்லாதது. தூரத்தில் ஒருவன் விரலை அசைத்தாலும் கண்டுவிடும். லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் வளர்ந்து, கோழியைக் கடைக் குளிர்பெட்டியில் மட்டுமே கண்டிருந்த எனக்கு இது ஒன்பது வயதிலேயே தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் வான்கோழியைப் பற்றியே பேசினோம். வேறு எதைப் பற்றியும் பேச முடியாமல் கிடந்த வீட்டுக்குள் வான்கோழி வந்து சேர்ந்தது பெரிய உதவியாக இருந்தது.

அதைக் கொண்டுவந்தவர் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை முடிந்த பிறகு எங்கெங்கோ முகாம்களில் அடைபட்டுக் கிடந்து, ஒருவழியாக லண்டனுக்கு வந்து எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கினார். அவர் வருவதற்கு முதல் நாள் அம்மா என்னைக் குளியலறையில் உட்காரவைத்து என் இரட்டைப் பின்னலை ஒட்ட வெட்டிவிட்டார். பேன் என்றார். என் தலையில் பேன் இருந்ததே இல்லை. நான் அழுத அழுகைக்கு ஓர் ஐஸ்கிரீம் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு என்னைப் பிடிக்காது. இதை நான் சந்தேகமே இல்லாமல் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் படத்தைப் பார்த்து "வடிவாயிருக்கு" என்பார். கண் என் முகத்துக்கு வராது. என்னோடு பேசும்போது எனக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரோடுதான் பேசுவார். எனக்கென்று சாக்லேட் வாங்கி வந்தாலும் கையில் தரமாட்டார், மாடிப்படியில் வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர், சொந்த அண்ணனின் மகள் வந்து சோபாவில் உட்கார்ந்தால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுவார். நான் கறுப்பு என்பதாலா, வாயாடி என்பதாலா, தமிழ் கொச்சையாகப் பேசுகிறேன் என்பதாலா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எப்படியாவது அவருக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு இலட்சியமே இருக்கவில்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேறு கவலை. சித்தப்பா வேலைக்குப் போவார், வருவார், வைத்ததைச் சாப்பிடுவார், அறைக் கதவைச் சாத்துவார். அவ்வளவுதான். கோயிலுக்குக் கூப்பிட்டால் நீங்கள் போங்கோ என்பார். கலியாண வீடென்றால் ஷிப்ட் என்பார். ஏன் சித்தப்பாவுக்குச் சித்தி இல்லை என்று நான் ஒருமுறை சாப்பாட்டு மேசையில் கேட்டபோது அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமை நின்றது. எங்கள் வீட்டில் எதையும் மூடி மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பேசாமல் விட்டார்கள், அதுவே போதுமாக இருந்தது.

பண்டகசாலையில் சித்தப்பாவோடு பெட்டி அடுக்கிய தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர்தான் அவரை வில்வித்தைக்கு இழுத்துக்கொண்டு போனவர். எசெக்ஸ் பக்கத்துக் காடொன்றில் அவர்களுடைய கழகம் இருந்தது. மரங்களுக்கிடையே ரப்பரில் செய்த கரடி, பன்றி, மான் எல்லாம் நிற்கும். ஆட்கள் மழையென்றும் பார்க்காமல் நடந்து நடந்து அவற்றுக்கு அம்பு விடுவார்கள். சக்கரம், குறிபார்க்கும் கண்ணாடி ஒன்றும் இல்லாத வெறும் மரவில். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை, தாடிக்காரருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. ஆனால் வில்லுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. சனிக்கிழமைகளில் சித்தப்பா சேற்றுச் சப்பாத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்து, கேட்காமலே, இன்று பன்றிக்கு இரண்டு அம்பு பட்டது என்பார். ஒருநாள் அப்பா குசினிக்குள் போய் அம்மாவிடம் அவன் சிரித்தான் என்று சொன்னதும், அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. சிரித்ததற்கு ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வருடக் கடைசியில் கழகத்தில் ஒரு போட்டி வைப்பார்கள். ரப்பர் வான்கோழிக்கு அம்பு விட வேண்டும். நன்றாக விடுகிறவருக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு நிஜ வான்கோழி, உறைய வைத்தது. தாடிக்காரர் முன்பு அமெரிக்காவில் இருந்தவர், அங்கே வில்லோடு போய்க் காட்டு வான்கோழி வேட்டையாடியவர். இந்த நாட்டில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது, வேட்டையாடக் காட்டு வான்கோழியும் கிடையாது. அதனால் அந்த மனிதர் தன் ஆசையை எல்லாம் இந்தப் போட்டியில் கொண்டுவந்து கொட்டினார். சும்மா நின்றுகொண்டு அம்பு விடக்கூடாதாம். அமெரிக்காவில் செய்வதுபோல் மறைகூடாரத்துக்குள் ஒளிந்திருந்துதான் விட வேண்டுமாம். இலை தழை அச்சடித்த துணியில் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே கன்னங்கரேல் என்று இருக்கும். உள்ளே இருப்பவரும் கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். முன்பக்கத்துச் சன்னலை மட்டும் ஒரு கீறல் அளவு திறக்கலாம். பின்பக்கம் திறந்தால் வெளிச்சம் வந்து ஆளின் உருவம் தெரிந்துவிடும், வான்கோழி ஓடிவிடும். ரப்பர் வான்கோழி எங்கே ஓடப்போகிறது என்று நான் கேட்டேன். சித்தப்பா சுவரைப் பார்த்து, முறையென்றால் முறைதான் என்றார்.

அந்தக் கூடாரத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மற்றவர்களிடம் கட்டை வில். சித்தப்பாவின் வில் நீளம். ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்தால் மேல் நுனி கூரையில் இடிக்கும். அவர் எங்கள் ஹோலில் என்னுடைய பழைய குட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வில்லைச் சரித்துச் சரித்து இழுத்துப் பழகினார். அம்மா ஆசையாக வாங்கிய விளக்குக்கூடு இரண்டாம் நாளே வில் பட்டு உடைந்துபோய்விட்டது. வேறு யாரென்றாலும் அம்மா பத்திரகாளி ஆகியிருப்பார். "பரவாயில்லைத் தம்பி, உது பழசுதானே" என்று கூட்டி அள்ளிக்கொண்டு போனார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அசையாமல் இருக்கப் பழகினேன். மூக்குக் கடித்தாலும் சொறியமாட்டேன். வான்கோழிக்கு முன்னால் அசையாமல் இருக்கத் தெரிந்த பிள்ளையைச் சித்தப்பாவுக்குப் பிடிக்காமல் போகாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

போட்டிக்கு முந்திய கிழமை சித்தப்பா நல்ல சந்தோஷத்தோடு வந்தார். தாடிக்காரர் அவருடைய நீள வில்லுக்காகவே கூடாரத்துக்குள் நிலத்தைத் தோண்டிப் பள்ளமாகக் கிடங்கு வெட்டிவிட்டாராம். இனி மண்ணில் உட்கார்ந்து இழுக்கலாம், கூரை இடிக்காது. காற்றுக்குத் துணி பறக்காமல் சுற்றிவர மண்மூட்டையும் அடுக்கிவிட்டாராம். சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். குசினியில் அம்மா அப்பாவைப் பார்த்தார்.

"கிடங்கு எண்டெல்லோ சொல்லுறார். கேட்டனீங்களே?"

"கேட்டனான். இப்ப அதைக் கதைச்சு அவன்ர மனத்தைக் குழப்பப் போறீரே? இப்பதான் ஆளாகி வாறான்."

அம்மா வெங்காயம் வெட்டத் தொடங்கினார். பிறகு, நாங்களும் எல்லாருமாகப் போவோம், பிள்ளையும் வரட்டும், கூட ஆட்கள் இருந்தால் நல்லதுதானே என்றார். அப்பாவும் அதுவே சரி என்றார். பயத்தை வாயால் சொல்லாமல், குடும்பத்தோடு போய் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

அன்றைக்குக் காடு முழுக்கச் சேறு. அம்மா காஞ்சிபுரம் உடுக்காத குறை; கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலைக் கரை சேற்றில் இழுபட, இரண்டு தட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸைத் தாங்கிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரப் பெண்கள் உறைக்குது உறைக்குது என்று தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள். அப்பா தாடிக்காரரின் கையைப் பிடித்து, என் தம்பியைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். தாடிக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரப்பர் வான்கோழி ஒரு பட்ட மரத்தடியில் மார்பை முன்னே தள்ளிக்கொண்டு நின்றது. கோதாரி விழுந்த வான்கோழி. இன்றைக்கும் அதன் மூஞ்சி எனக்கு மறக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் போய் அம்பு விட்டுவிட்டு வந்தார்கள். சித்தப்பாவின் முறை வந்தது. கறுப்புச் சட்டையில், கையில் வில்லோடு, குனிந்து உள்ளே போனார். போகுமுன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து ஒரு மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளை பரிசு வாங்கப் போவதுபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த கடைசி ஆட்கள் நாங்கள்.

அம்பு வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அப்போதுதான் காட்டுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணையில் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. குளிர்காலத்தில் அங்கே துப்பாக்கியோடு பறவை சுடுவார்கள், சனிக்கிழமையில் அது வழக்கம், அரைவாசிப் பேர் தலையைக்கூடத் திருப்பவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கரித்துணிபோல இருந்தது. வெடி முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று சேர்ந்து, பிறகு சரம் சரமாக. தாடிக்காரர் விசில் ஊதி, யாரும் அம்பு விடக்கூடாது என்று நிறுத்திவிட்டு, கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கூப்பிட்டார். கூடாரத் துணிகூட அசையவில்லை. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா சண்டைக் காலம் முழுக்க லண்டனில் இருந்தவர். தம்பி எங்கே இருந்து வந்தான் என்று தெரியும், அந்த இடத்துக்குள் எப்படிப் போவதென்று அவருக்குத் தெரியாது.

"பிள்ளை, நீ போய்ச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. நீ போனால் வருவார்" என்றார் அம்மா.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று பிற்காலத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. ஓடினேன். சித்தப்பா வான்கோழிக்காகக் காத்திருக்கிறார், முறையைப் போற்றுகிற மனிதர், நல்ல நேரம் பார்த்துத்தான் விடுவார் என்று நினைத்தேன். பின்பக்கத் துணியை உயர்த்தி உள்ளே நுழைந்ததும், வெளிச்சம் வந்துவிடுமே என்று அவசரமாக ஸிப்பை இழுத்து மூடினேன்.

உள்ளே ஈரமண் மணந்தது. வில் ஒரு பக்கம் கிடந்தது. சித்தப்பா கிடங்கின் மூலையில் முதுகை மண்ணில் ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் வாய் திறப்பதற்குள் வெளியே மறுபடி வெடித்தது. அவர் என்னைப் பிடித்து இழுத்து நிலத்தோடு அமுக்கி, என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். என் வாயைப் பொத்திய கையில் நாணுக்குப் பூசும் தேன்மெழுகு மணந்தது. என் கன்னத்தில் சேறு. அவருடைய நெஞ்சு அடிப்பது என் முதுகில் கேட்டது.

எனக்குப் பயமே வரவில்லை. வெட்கம்கெட்ட சந்தோஷம்தான் வந்தது. சித்தப்பா என்னைத் தொட்டுவிட்டார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் மாடிப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழகினேனோ, அதெல்லாம் வீண்போகவில்லை. அவருடைய விரலுக்குள்ளால், வான்கோழி பார்க்கிறதா என்று மெல்லக் கேட்டேன்.

"கதையாதை. தலையைத் தூக்காதை. உன்ர கோழிக்கு ஒண்டும் நடக்காது."

என்னுடைய கோழி! பரிசு வான்கோழியை எனக்குத்தான் தரப்போகிறார் என்று புரிந்துகொண்டேன். கட்டைபோலக் கிடந்தேன். முன்சன்னல் கீறலால் ஒரு துண்டு வெளிச்சம் மண்ணில் விழுந்தது. தலையைத் தூக்கினால் வான்கோழியைப் பார்க்கலாம். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் தூக்கவில்லை.

பிறகு அப்பா வந்தார். துணியை விலக்கிக்கொண்டு மண்டியிட்டு, "தம்பி, முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சு எவ்வளவோ காலம். வா, வெளியில போவம்" என்றார். சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணை, நீங்களும் படுங்கோ."

அப்பா அவ்வளவு பெரிய மனிதர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தவர், அந்தச் சேற்றில் எங்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தார். ஒரு கையைத் தம்பியின் முதுகில் போட்டுக்கொண்டார். ஒரு ரப்பர் வான்கோழிக்கு நாங்கள் மூன்று பேர் ஒளிந்து கிடக்கிறோம் என்று எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. அப்பாவின் தோள் குலுங்கியபோது அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். பண்ணைக்காரர்கள் சாப்பிடப் போனார்களோ என்னவோ, கடைசியில் வெடி நின்றது. அதன்பிறகும் நெடுநேரம் அப்படியே கிடந்தோம். வெளியே அம்மா ரோல்ஸ் தட்டைப் பிடித்தபடி நின்றார், அதைக் கீழே வைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

தாடிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். தெரியாமல் எதையோ செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்கு விளங்கியிருந்தது. உறைந்த வான்கோழியைத் தூக்கிவந்து எங்கள் கார் டிக்கிக்குள் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அது அடுத்த வருடம் வரை எங்கள் குளிர்பெட்டியில் கிடந்தது. அம்மாவுக்கு அதைச் சமைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

சித்தப்பா அதற்குப் பிறகு வில்லைத் தொடவில்லை. தைப்பொங்கலுக்கு முன்பே லண்டனின் மறுகோடியில், ஸ்ட்ரெதத்தில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலைக்குக் கிட்ட என்றார்கள். அவருடைய வேலை ஸ்ட்ரெதத்துக்குக் கிட்டவே இல்லை. எனக்கு வாக்குக் கொடுத்த கோழியைத் தன் கையால் தராமலே போய்விட்டாரே என்று நான் அழுதேன்.

நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அம்மா சொன்னார். சித்தப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். எனக்கு ஒரு வயது மூப்பு. இரட்டைப் பின்னல். சித்தி முன்பே இறந்துவிட, மிஞ்சியது அவள் ஒருத்திதான். இடம் மாறி இடம் மாறி ஓடியபோதெல்லாம் ஒரு கோழியையும் தூக்கிக்கொண்டே திரிந்தாளாம். கடைசியாக அவர்கள் பதுங்கியிருந்த பங்கர்க் கிடங்குக்குள் கோழிக்கு இடமில்லை, மேலே கட்டிவைத்திருந்தார்கள். ஷெல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் தலையைத் தூக்கியது கோழி இருக்கிறதா என்று பார்க்கத்தான். இதைச் சொல்லிவிட்டு அம்மா வழக்கம்போல வெங்காயம் வெட்டத் தொடங்கினார். நான் எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் முடியை வெட்டிய இடம் அது. இப்போதும் ஸ்ட்ரெதத்துக்குப் போனால் சித்தப்பா தேத்தண்ணீர் போட்டுத் தருவார், எனக்குப் பக்கத்துச் சுவரோடு பேசுவார். காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஒன்றும் ஆறவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. திரும்பி வரும்போது, எப்போதும் முன்னால் உட்காருகிற சித்தப்பா காரில் என்னோடு பின்னால் உட்கார்ந்தார். சேறு காய்ந்த தன் கைக்குள் என் கையை வைத்துக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இந்தமுறை நீ தலை தூக்கேல்லை."

எந்தமுறை என்று எனக்கு விளங்கவில்லை. நான் கூடாரத்துக்குள் போனதே ஒருமுறைதான். ஆனால் பாராட்டு பாராட்டுதானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"நான் ஒருநாளும் தூக்கமாட்டன், சித்தப்பா."

அவர் என்னைப் பார்த்தார். சித்தப்பா என்ற சொல் அவருக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் கையை மெதுவாக விட்டுவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கையில் ரோல்ஸ் எண்ணெய் பிசுபிசுத்தது. அதனால்தான் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். கோட்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சீட்டின்மேல் அந்தக் கையை விரித்து வைத்துக்கொண்டு, இல்ஃபோர்ட் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.